கிராம சபையில் சமூக நீதிப் பிரச்சினையை எழுப்புவது எப்படி? டெல்டா ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்த மாவட்டத்துக் கிராம சபையில் போய் உட்கார்ந்தாலும் இதைப் பார்க்கலாம். படித்த இளைஞர் ஒருவர் மைக்கை வாங்குவார். சமத்துவம், சுயமரியாதை, அரசியல் சாசனம் என்று நன்றாகவே பேசுவார். கைதட்டலும் விழும். கூட்டம் முடிந்து தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் தெருவிளக்கும் குடிநீர்த் தொட்டியும்தான் இருக்கும். அவர் பேசியதற்கு ஒரு வரி இருக்காது.

அந்த ஒரு வரியைப் புத்தகத்தில் ஏற்றுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். புரிந்துகொள்ள எளிதாக இருக்கட்டும் என்று கீழத்தெருவின், அதாவது பட்டியல் சாதி மக்கள் குடியிருக்கும் தெருவின், சுடுகாட்டுப் பாதையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். டெல்டாவில் அடிக்கடி கிளம்புகிற, அதே அளவுக்குத் தப்பாகக் கையாளப்படுகிற விவகாரம் அது. குடிமனை, கூலி, குத்தகை என்று வேறு பிரச்சினையானாலும் வேலையின் வரிசை பெரிதாக மாறாது. எங்கே மாறும் என்பதை 3-ஆம் படியில் சொல்கிறேன்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நிலம் சம்பந்தப்பட்ட பேச்சுக்கு இந்த ஆறும் ஒன்றல்ல.

அக்டோபரில் சம்பா நடவு ஓடிக்கொண்டிருக்கும். நவம்பரில் வயலெல்லாம் தண்ணீர். பாதை எது, வரப்பு எது என்றே தெரியாது. ஜனவரி 26 அன்று பாதி ஊர் அறுவடையில் இருக்கும், மீதி ஊர் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடக்கும். அன்றைய கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

மார்ச் 22 நல்ல நாள். அன்று தீர்மானம் வந்துவிட்டால், உளுந்து பயறு எடுத்தபின் மேட்டூர்த் தண்ணீர் வருவதற்குள் வயல் காலியாகக் கிடக்கும் வாரங்களில் பாதையை அளந்து கல் நடும் வேலையை முடித்துவிடலாம். நின்ற பயிருக்குள் சங்கிலி பிடிக்க எந்த நிலக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்துக்கொள்ளாததில் நியாயமும் இருக்கிறது.

மார்ச் 22-க்கு வேலை ஜனவரி கடைசியிலேயே தொடங்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் வர 30 நாள் ஆகும் என்பதை வைத்துப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் மழைக்காலத்திலேயே செய்துவைக்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் பாடை தூக்கிப் போகும் நிலைமை வந்தால், அந்த வீட்டாரின் சம்மதத்தோடு, பாதையும் தண்ணீரும் தெரிகிற மாதிரி படம் எடுத்துவையுங்கள். கோடையில் வந்து பார்க்கிற அதிகாரிக்கு அங்கே ஒரு சிரமமும் தெரியாது.

2. கீழத்தெருவில் போய்க் கேளுங்கள், பேசாதீர்கள்

கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் அதே நிலக்காரரிடம் வேலைக்குப் போகப் போகிறவர்கள் அவர்கள். அவசரத்துக்கு அவரிடமே ஆயிரம் இரண்டாயிரம் கைமாற்று வாங்குகிறவர்கள். பேச்சின் விலையை அவர்கள்தான் கொடுக்கப் போகிறார்கள். எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்ற முடிவும் அவர்களுடையதுதான்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தபின் போங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் 'கோயில்ல பரிவட்டம்' என்று ஆரம்பிப்பார்கள். பெண்கள் 'அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, கொழா தண்ணி எங்க தெருவுக்கு வர்றப்ப நின்னுபோவுது' என்பார்கள். நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு போன பிரச்சினை அங்கே நான்காவதாகக்கூட இருக்காது.

மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் திரும்பாதீர்கள். முக்கியமான ஒன்று எது? சபையில் சொல்லக் கூடாதது எது? யார் எழுந்து பேசுவார்? கடைசிக் கேள்விக்கு 'நீங்களே பேசுங்க சார்' என்றுதான் பதில் வரும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வந்துவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு. அந்தத் தெருவிலிருந்து ஒருவராவது எழுந்திருக்காவிட்டால், 'அவங்களே ஒண்ணும் சொல்லல, உனக்கு என்ன?' என்ற ஒரு வாக்கியத்தில் உங்களை உட்காரவைத்துவிடுவார்கள்.

'இப்ப வேணாம், புள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்' என்று சொன்னால் அதோடு நிறுத்துங்கள். மே 1 இருக்கிறது.

3. இது எந்த வாசலுக்குப் போக வேண்டிய விஷயம்?

எல்லாவற்றையும் கிராம சபையில் கொண்டுவந்து கொட்டக் கூடாது. குறிப்பாகக் குற்றத்தை. யாரையாவது சாதி சொல்லித் திட்டியிருந்தால், அடித்திருந்தால், பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடாமல் தடுத்திருந்தால், அது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய புகார். டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அதை விசாரிக்க வேண்டும். 14566 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. அதைச் சபையில் வைத்தால் என்ன ஆகும் என்று ஊர் தெரிந்த எவருக்கும் தெரியும்: பெரியவர்கள் நான்கு பேர் எழுந்து 'பேசி முடிச்சுக்கலாம்' என்பார்கள், கிராம சபை கட்டப் பஞ்சாயத்தாக மாறிவிடும்.

குத்தகைத் தகராறு என்றால் வருவாய் நீதிமன்றம். வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர்கள் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தாசில்தாரிடம்தான் போக வேண்டும். கோயில் நிலத்தில் அறநிலையத் துறையும் உள்ளே வரும். நிலக்காரர் மனையில் தலைமுறையாகக் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் இருக்கிறது. அதுவும் வருவாய்த் துறை வழிதான். இவற்றில் சபை செய்யக்கூடியது, 'முகாம் போட்டு மனு வாங்குங்கள்' என்று கேட்பது மட்டும். நடவுக் கூலியில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற விவகாரத்தைச் சபையில் பேசலாம், ஆனால் தனிப்பட்ட நிலக்காரரைச் சபை கட்டுப்படுத்த முடியாது. தொழிலாளர் துறைக்கு எழுதச் சொல்லித்தான் தீர்மானம் கேட்க முடியும்.

சுடுகாடும் அதற்கான பாதையும் அப்படியல்ல. சுடுகாடு, இடுகாடு ஏற்படுத்திப் பராமரிப்பதை 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் முதன்முதலில் இறங்குகிறவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன்.

4. காகிதத்தைக் கையில் எடுத்தபின் வாயைத் திறங்கள்

இந்தப் படியில் சறுக்கினால் மற்ற எல்லாம் வீண். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வருவாய் கிராமத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சிக்கு ஒரு பெயர், வருவாய் கிராமத்துக்கு வேறு பெயர் என்பது டெல்டாவில் சகஜம். ஒரே ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள்கூட இருக்கும். அரசின் நில ஆவண இணையதளத்தில் ஊராட்சிப் பெயரைத் தேடிவிட்டு 'எங்க ஊரே இல்ல' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

அடுத்து அ-பதிவேடு, அதாவது வருவாய் கிராமத்தின் நிலங்களை சர்வே எண் வாரியாகக் காட்டும் அரசுப் பதிவேடு. அதில் அந்த சர்வே எண் என்ன வகை என்று இருக்கும்: நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா? புறம்போக்கு என்றால் கடைசிக் குறிப்புக் கலத்தைப் பாருங்கள். 'வண்டிப்பாதை', 'சுடுகாடு', 'வாய்க்கால்' என்று ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்தான் உங்கள் வாதம். கூடவே அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுத்து அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஊரில் வயசான இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். காகிதத்தில் இருக்கிற வண்டிப்பாதை தரையில் ஒற்றையடித் தடமாக இருக்கும். யாரும் ஒரே நாளில் வந்து அபகரித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு நடவுக்கு முன்னும் அண்டை வெட்டும்போது, அதாவது வரப்பின் ஓரத்தைச் செதுக்கும்போது, மண்வெட்டி பாதைப் பக்கம் நாலு விரல் தள்ளி விழும். ஒரு தலைமுறையில் வண்டி போன இடத்தில் ஆள் போவதே கஷ்டமாகிவிடும். இப்போது நிலம் வைத்திருப்பவருக்குத் தன் வயலுக்குள் பாதை இருப்பதே தெரியாமலும் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பேச்சின் சூடு தானாகக் குறையும்.

இனி, பாதை அ-பதிவேட்டில் இல்லாமல் போனால்? காலம் காலமாகப் பிணம் போன வழி பட்டா நிலத்தின் வரப்பாக இருந்தால்? அப்போது 'ஆக்கிரமிப்பு' என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தால் அவர் பட்டாவை எடுத்து மேஜைமேல் வைப்பார்; உங்கள் கதை அங்கேயே முடிந்தது. அந்த நிலையில் கேட்க வேண்டியது வேறு: நிலக்காரர் மனமுவந்து தானமாக எழுதிக் கொடுப்பது, அல்லது ஆதிதிராவிடர் நலத் துறை வழியாக நிலம் எடுப்பது. பின்னதற்கு 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது; ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். தடம் வாய்க்கால் கரை என்றால் நீர்வளத் துறையும் சேரும்.

இணையதளத்தில் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 'ஏன் பாதை போடவில்லை?' என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். 'கடந்த 3 ஆண்டுக் கிராம சபைத் தீர்மானங்களின் நகல்', 'இந்த சர்வே எண்ணுக்கான அ-பதிவேட்டு நகல்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். பழைய தீர்மானங்களில் இதே பாதை ஏற்கெனவே எழுதப்பட்டு யாரும் தொடராமல் கிடப்பதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

5. நிலக்காரரைக் கூட்டத்துக்கு முன்பே பாருங்கள்

இதைச் சொன்னால் இளைஞர்களுக்குக் கோபம் வருகிறது. 'உரிமையைக் கேட்க அவன் வீட்டுத் திண்ணைக்கு ஏன் போகணும்?' என்கிறார்கள். கெஞ்சுவதற்காகப் போகச் சொல்லவில்லை. ஊர் நடுவில் திடீரென்று தன் பெயர் அடிபட்டால் யாராக இருந்தாலும் மானப் பிரச்சினையாக்கிக்கொள்வார்கள். அப்புறம் பங்காளிகள் வருவார்கள், தெரு வரும். மூன்று குழி நிலத்தின் பேச்சு, நிலக்காரர்கள் குடியிருக்கும் குடியானத் தெருவுக்கும் கீழத்தெருவுக்குமான பேச்சாகிவிடும். அது ஆன பிறகு தீர்ப்பது கடினம்.

தனியாகப் போகாதீர்கள். அவருக்குத் தெரிந்தவர், அவர் மதிக்கிறவர் ஒருவரோடு போங்கள். அ-பதிவேட்டு நகலைக் காட்டுங்கள். 'கூட்டத்துல உங்க பேரைச் சொல்லப் போறதில்ல, சர்வே நம்பரைத்தான் சொல்லுவோம்' என்று சொல்லிவிட்டு, அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

அவர் சொல்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள். 'எனக்கு இருக்கிறதே ஒரு மா, அதுலயும் பாதை போனா என்ன மிஞ்சும்?' என்பவரும், பத்து வேலி நிலம் வைத்திருக்கிற பெரிய நிலக்காரரும் ஒன்றல்ல. முதலாமவருக்குப் பாதையை வாய்க்கால் ஓரமாகத் திருப்புவது போல வழி இருந்தால் அதையும் யோசித்துவைத்துக்கொண்டு சபைக்குப் போகலாம். கீழத்தெருக்காரர்கள் 'முன்கூட்டிப் பார்க்க வேண்டாம், மிரட்டுவாங்க' என்று சொன்னால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். அவர்களுக்குத்தான் அந்த வீட்டைத் தெரியும்.

ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் மட்டும் எதையும் முன்னால் போடாதீர்கள். அங்கே நடப்பது பேச்சே கிடையாது. சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருக்கிற ஊர்ப் பையன்கள் சண்டையை நடத்துவார்கள், அடி இங்கே விழும்.

6. தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்

புதியவர்கள் எல்லோருமே தவறவிடுகிற படி இது. எழுதுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: உரிமையை ஓட்டுக்கு விடக் கூடாது.

கிராம சபையில் பெரும்பான்மைதான் முடிவு. டெல்டாவில் எத்தனையோ ஊராட்சிகளில் கீழத்தெரு எண்ணிக்கையில் சிறியது. 'கீழத்தெருவுக்குப் பாதை கொடுக்கலாமா?' என்று கேட்டுக் கை தூக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். தோற்றுவிட்டால் 'சபையே வேண்டாம்னு சொல்லிட்டுது' என்பது நிரந்தரமாகப் புத்தகத்தில் ஏறிவிடும். பின்னால் எந்த அதிகாரியும் அதைத்தான் காட்டுவார். தீண்டாமையை ஒழித்தது அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவு. அதைக் கை தூக்கி உறுதிப்படுத்த ஊருக்கு வேலையில்லை.

ஆகவே சபையிடம் கேட்க வேண்டியது நடைமுறையை மட்டும். அளவையை யாரும் எதிர்ப்பது கடினம். எதிர்த்தால் எதையோ மறைக்கிறார் என்றுதான் ஊர் நினைக்கும். வாசகம் இப்படி இருக்கலாம்:

'……… வருவாய் கிராமம், சர்வே எண் ………, அ-பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று உள்ள இடத்தை வட்டாட்சியர் அவர்கள் நில அளவையரைக் கொண்டு அளந்து, எல்லைக் கல் நட்டு, ஊராட்சியிடம் ஒப்படைக்குமாறும், அதன்பின் ஊராட்சி அதில் பாதை அமைக்குமாறும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது. எடுக்கப்பட்ட நடவடிக்கை அடுத்த கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்.'

இதில் சாதிப் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை, வர்ணனை இல்லை. எந்த இடம், யார் செய்ய வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்ற மூன்றும் இருக்கின்றன. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பின்னால் கேள்வி கேட்க அதுதான் பிடி.

இந்த வாசகத்தோடு ஒரு மனு எழுதி, கூட்டத்துக்குப் பத்து நாளாவது முன்பு ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, பிடிஓவுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஒரு நகல். கூட்ட அறிவிப்பு 7 நாளுக்கு முன்பே வர வேண்டும் என்பதால், அதற்கு முன்னால் மனு போனால்தான் கூட்டப் பொருளில் சேர வாய்ப்பு. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் பெயருக்கு எழுதுங்கள்.

7. கூட்டத்தன்று காலை

சீக்கிரம் போய் முன்னால் உட்காருங்கள். கீழத்தெருப் பெண்களையும் முன்வரிசையிலேயே உட்காரச் சொல்லுங்கள்; ஓரத்து மர நிழலில் நின்றால் கடைசிவரை ஓரம்தான். ஓட்டர் லிஸ்டில் பெயர் இருப்பவர்கள்தான் கணக்கில் வருவார்கள். வெளியூரிலிருந்து உதவிக்கு வந்த நண்பர் பின்னால் இருக்கட்டும், மைக்கைத் தொட வேண்டாம்.

குறைவெண் வரம்பையும், அதாவது கூட்டம் செல்ல குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற கோரத்தையும், தெரிந்து வைத்திருங்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். கோரம் இல்லாமல் போட்ட தீர்மானம் என்று பின்னால் யாராவது கிளப்பினால் உங்கள் வேலைதான் கெடும்.

8. மூன்று நிமிடப் பேச்சு

முதலில் கீழத்தெருக்காரர் பேச வேண்டும். நீளம் தேவையில்லை. 'போன ஐப்பசியில எங்க மாமியார் செத்தப்ப, நடவு வயல்ல எறங்கித்தான் தூக்கிட்டுப் போனோம். தூக்குன நாலு பேர்ல ஒருத்தரு சேத்துல விழுந்துட்டாரு' என்று ஒரு பெண் சொன்னால் போதும். அதற்கு மேல் உணர்ச்சி எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

அடுத்து நீங்கள். சர்வே எண், பதிவேட்டில் என்ன இருக்கிறது, தரையில் என்ன இருக்கிறது, என்ன கேட்கிறோம். இந்த வரிசையில் சொல்லிவிட்டு, தீர்மான வாசகத்தைப் படித்து, நகலைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

தலைவர் பெண்ணாக இருந்து, பக்கத்தில் கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பதில் சொல்கிறாரா? தலைவரைப் பார்த்தே பேசுங்கள், நகலை அவர் கையிலேயே கொடுங்கள். தலைவரே கீழத்தெருக்காரராக, தனித் தொகுதியில் வென்றவராக இருந்தால், 'நம்மாளுதானே' என்று அவர் தலையில் ஏற்றாதீர்கள். அவருக்கு இருக்கிற நெருக்கடி உங்களைவிட அதிகம்.

கீழவெண்மணியை இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. 1968 டிசம்பர் 25 அன்று அங்கே 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைத் தெரியாமல் டெல்டாவில் சமூக நீதி பேச ஒருவருக்கும் அருகதை இல்லை. ஆனால் சபையில் அதைச் சொன்ன நிமிடத்திலிருந்து பேச்சு பாதையை விட்டுப் போய்விடும். 'எங்களைக் கொலைகாரன்னு சொல்றியா?' என்று ஒருவர் எழுந்தால் போதும், சர்வே எண்ணை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

9. திரும்பி வரப்போகும் வசனங்கள்

ஊர் மாறினாலும் இந்த வசனங்கள் மாறுவதில்லை. வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போங்கள்.

*'இந்தக் காலத்துல யாரு சாதி பாக்குறா?'* இல்லை என்று நிரூபிக்கக் கிளம்பாதீர்கள்; அவர் விரித்த பாய் அது. 'ரொம்ப நல்லதுண்ணே, அப்ப அளந்து கல்லு போடுறதுல யாருக்கும் ஆட்சேபணை இருக்காது' என்று பேச்சைத் தீர்மானத்துக்கே திருப்புங்கள்.

*'நாம தாயா புள்ளையா பழகிட்டிருக்கோம், ஊரை ரெண்டாக்காத.'* இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் கெட்டவர் அல்ல. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. 'அதனாலதாங்கய்யா போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகாம ஊர்ச் சபைக்கு வந்திருக்கோம்' என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அவருக்கும் அது கௌரவமாக இருக்கும். இந்த ஒரு பதிலில் சாய்ந்துவந்த பெரியவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

*'அவங்களுக்குத்தான் எல்லாச் சலுகையும் இருக்கே!'* இட ஒதுக்கீட்டு விவாதத்துக்குள் இழுக்கிற தூண்டில் இது. உங்களிடம் எவ்வளவு நல்ல பதில் இருந்தாலும் இங்கே சொல்லாதீர்கள். 'அதைத் தனியா பேசுவோம், இது பதிவேட்டுல இருக்கிற பாதை' என்று முடித்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் அதே ஆளோடு அதைப் பேசலாம், பேசவும் வேண்டும். அங்கே புத்தகம் இல்லை, நேரம் இருக்கிறது.

*'இவனை யாரோ தூண்டிவிடுறாங்க.'* பதில் நீங்கள் சொல்லக் கூடாது. கீழத்தெருவிலிருந்து இன்னொருவர் எழுந்து 'நாங்கதான் கேக்கறோம்' என்று சொல்ல வேண்டும். யார் எழுவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

*'சரி சரி, அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்.'* எதிர்ப்பவனைவிட இப்படிச் சொல்கிறவர்தான் ஆபத்து. கைதட்டி அனுப்பிவிடுவார். 'அடுத்த கூட்டத்துல பாக்கலாம்ங்கிறதையே தீர்மானமா எழுதிக் கொடுங்க' என்று கேளுங்கள். எழுத வேண்டும் என்றாலே அளவைத் தீர்மானத்தை எழுதுவது மேல் என்று தோன்றிவிடும்.

குரல் உயர்ந்தால் நீங்கள் குறையுங்கள். யாரையும் ஒருமையில் பேசாதீர்கள், அவர் பேசினாலும். யாராவது சாதிப் பெயர் சொல்லித் திட்டிவிட்டால் பதிலுக்குத் திட்டாமல், நேரத்தையும் சொன்ன வார்த்தையையும் யார் யார் கேட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது இப்போது 3-ஆம் படியில் சொன்ன வேறு வாசலுக்கு உரிய விஷயம்.

10. கையெழுத்துப் போடும் முன்

நோட்டு ஒன்று கூட்டத்துக்குள் சுற்றி வரும். பாதிப் பக்கம் வெற்றாக இருக்கும். எல்லோரும் போடுகிறார்களே என்று போட்டுவிட்டால், மேலே எதை எழுதினாலும் நீங்கள் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

வருகைப் பதிவுக்குக் கையெழுத்திடுங்கள். தீர்மானம் எழுதிய பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு அதன்பின் அடுத்த கையெழுத்து. சர்வே எண் சரியாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். உட்பிரிவு எண் ஒன்று விட்டுப்போனால் அளவையர் வேறு இடத்தை அளப்பார். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கக் கூடாது என்று யாராவது தடுத்தால், பிடிஓ அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் பற்றாளரிடம் சொல்லுங்கள்.

எழுதவே மறுத்தால் அன்றைக்கே, கூட்டத்தில் இருந்தவர்களின் கையெழுத்தோடு, 'இந்தப் பொருள் எழுப்பப்பட்டது, பதிவு செய்யப்படவில்லை' என்று பிடிஓவுக்கும் ஆட்சியருக்கும் எழுதுங்கள். ஆட்கள் கலைந்துபோன பிறகு கையெழுத்து வாங்கத் தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கும்.

11. அதற்குப் பிறகு

முதல் இரண்டு வாரம் கீழத்தெருவில் ஒரு கண் இருக்கட்டும். எழுந்து பேசியவருக்கு வேலை கொடுப்பது நின்றுவிட்டதா, கடையில் கடன் மறுக்கிறார்களா, டிராக்டர் வர மாட்டேன் என்கிறதா? நாள், ஆள், சொன்ன வார்த்தை என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு நடத்துவது 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைச் சட்டத்தில் தனிக் குற்றம். வன்கொடுமை வழக்குகளைப் பார்க்க மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய கண்காணிப்புக் குழுவும் இருக்கிறது. அங்கேயும் எழுதலாம்.

தீர்மான நகல் கிடைத்ததும் தாசில்தாருக்கு மனுவோடு அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு பிரதி கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் போகாமல், பாதை வேண்டுபவர்களில் இருவரைக் கூட்டிப் போங்கள். அடுத்த முறை அவர்களே போவார்கள்.

அளக்க வரும் தேதி தெரிந்ததும் நிலக்காரருக்கும் எழுத்தில் தகவல் போயிருக்கிறதா என்று விஏஓவிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். தனக்குச் சொல்லாமல் அளந்தார்கள் என்று அவர் ஆட்சேபம் போட்டால் மறு அளவைதான். அதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். அன்று இரண்டு தரப்பிலும் இரண்டிரண்டு பேர் போதும், கூட்டம் சேர்க்க வேண்டாம். கல் நட்ட உடனே, ஒவ்வொரு கல்லையும் பக்கத்து மதகோ மரமோ தெரிகிற மாதிரி படம் எடுத்துவிடுங்கள். அடுத்த அண்டை வெட்டுக்கு முன்னால் ஒருமுறை போய் அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.